நான்காவது பர்னர்

முப்பது டாலர் என்றாய், ஆர்வில்.
நான் இருபத்தைந்து என்றேன்.
சிலிண்டரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு
சரி என்றாய்.

டுலூத்தில் ஏப்ரல் கடைசி.
உன் கராஜ் வாசலில் இன்னும் ஒரு முழம் பனி.
மூன்று சக்கரமும் ஒரு செங்கல்லும் தாங்க
நின்றுகொண்டிருந்தது கிரில்.
"பற்றவே மாட்டேன் என்கிறது, வெர்னா.
ஆள் வைத்துப் பார்த்தேன்.
ஆயுசு முடிந்தது என்றுவிட்டான்."

இருவருமாகத் தள்ளித் தெருவைக் கடந்தோம்.
பாதியில் செங்கல் விழுந்தது.
தபால் வண்டி நின்று வழிவிட்டது,
சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல.

காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே
எனக்கு ஐந்து மணி நேரம்.
ஸ்கூல் பஸ்ஸை டெப்போவில் விட்டு வந்து
மூடியைத் திறந்தேன்.
எத்தனை கோடையின் கொழுப்பு!
கரண்டியால் சுரண்ட, ஏடு ஏடாக வந்தது.
மேல் ஏட்டில் போன வருஷத்து மீன்.
அதன் கீழே உன் மகள் பட்டம் வாங்கிய நாளின் பன்றி விலா.
அதற்கும் கீழே உன் முதல் மனைவி காலம்,
சோளமெல்லாம் கரிந்துபோன அந்த ஞாயிறு.
நானும் வந்திருந்தேன்.
நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றேன்.

எலி குடித்தனம் நடத்திய தடம் ஒரு மூலையில்:
கிழிந்த கையுறை, சூரியகாந்தி விதைத் தோல்,
ஒரு பிறந்தநாள் மெழுகுவர்த்தி.

ஸ்க்ரூ பதினொன்று.
ஒன்பது, எண்ணெய்க்கு மசிந்தன.
பத்தாவது ராத்திரியெல்லாம் குடித்துவிட்டுக்
காலையில் ஒன்றும் நடக்காததுபோல் சுழன்றது.
பதினொன்றாவதன் தலை கையோடு வந்தது.
பதினைந்து வருஷமாகப் பிள்ளைகள் முன்னால்
வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை ஒன்று
அப்போது வந்தது.

இருபத்தைந்தோடு சேர்க்க வேண்டியவை:
ட்ரில் பிட், கம்பி பிரஷ் இரண்டு, ரப்பர் குழாய்,
ரெகுலேட்டர், சிலிண்டர், கறுப்புப் பெயிண்ட்.
நீ கணக்குக் கேட்க மாட்டாய்.
நானும் கூட்டிப் பார்க்கவில்லை.

பர்னர்களை உருவி
ஒரு குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
மறுமுனை தெரியவில்லை.
கம்பியை விட்டு இழுத்தேன்.
சிலந்திக் கூடு.
அவ்வளவுதான், ஆர்வில்.
உன் ஆள் சொன்ன ஆயுசு
சுண்டுவிரல் நகத்தளவு பஞ்சு.
இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே.

நான்காவதில் ஆள் இருந்தது.
முட்டைப் பையைக் கட்டிப் பிடித்தபடி
டார்ச் வெளிச்சத்துக்கு ஒரு காலை மட்டும் தூக்கியது.
இளகிய மனசுக்காரி இல்லை நான்.
அந்த எலிக்குப் பொறி வைத்துவிட்டுத்தான்
இந்த வேலைக்கே உட்கார்ந்தேன்.
ஆனாலும் கம்பி கையிலேயே நின்றுவிட்டது.

மூன்றை மட்டும் மாட்டினேன்.
நான்காவது வால்வை அடைத்து, திருகைப் பிடுங்கி எடுத்தேன்.
இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக்
குனிந்து பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.
பற்றவைத்தேன்.
முதலில் மஞ்சள், படபடவென்று.
காற்றுத் துவாரத்தை ஒரு நூல் திறந்தேன்.
நீலம்.
துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பல்
அந்நேரம் பார்த்து ஊதியது.
எனக்காக இல்லை.
இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

வாசனை பிடித்துத் தட்டோடு வந்தாய்.
அறுநூறு டாலருக்கு நீ வாங்கிய புதியது
மாட்டத் தெரியாமல் இன்னும் பெட்டியில்.
"சிலந்தியா?" என்றாய்.
ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடி,
"சிலந்தியா?"

நான்காவது திருகு எங்கே என்று கேட்டாய்.
அந்தப் பக்கம் பன் சூடு பண்ண என்றேன்.
பொய்.
கராஜ் அலமாரியில், பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால்,
ஜன்னலைப் பார்த்து வாய் வைத்துக்
கிடக்கிறது அந்தக் குழாய்.
இருபத்தைந்தில் அதுவும் அடக்கம்.